கதவு ஜாக்கிரதை

ஆஸ்பத்திரி வார்டுக் கதவின் தலையில் புதிதாக ஒரு டோர் குளோசரை மாட்டினார்கள். கதவைத் தானாகச் சாத்தும் கருவிகளிலேயே பலமானதாகப் பார்த்து வாங்கியது. வேகத்தைக் குறைக்க மெக்கானிக் அதன் திருகைத் திருப்பிப் பார்த்தார். குளோசர் விறைத்துக்கொண்டது, திருகு அசையவில்லை. அவரும் ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

"மெதுவாச் சாத்துறதெல்லாம் நோஞ்சானுங்க வேலை," என்றது குளோசர்.

"இங்க வர்றவங்க எல்லாருமே நோஞ்சானுங்கதானே?" என்றது கதவு.

பதிலுக்குக் குளோசர் அதைப் படாரென்று சாத்தியது.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: 'கதவு ஜாக்கிரதை'.

"பாத்தியா, எனக்குப் போர்டே வெச்சுட்டாங்க!"

"ஒட்டினது என் மூஞ்சியில," என்றது கதவு.

அன்று சாயங்காலம் சகாயமேரி, வார்டில் இருந்த புருஷனுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். கதவு முழங்கையில் இடித்தது. கஞ்சி முழுக்கத் தரையில் கொட்டியது. வாட்ச்மேன் ஓடிவந்தார். அவள் குனிந்து முந்தானையால் தரையைத் துடைத்தபடி, "கோவிச்சுக்காதீங்கண்ணே, நான்தான் மெதுவா வந்துட்டேன்," என்றாள்.

வாட்ச்மேன் மெக்கானிக்கை மறுபடி வரச் சொன்னார். மறுநாள் காலை மெக்கானிக் திருப்புளியை வைத்ததுமே திருகு இளகிக்கொடுத்தது.

மதியம் சகாயமேரி மறுபடி வந்தாள். முன்னால் போனவருக்குப் பின்னால் கதவு மெல்ல, பூப்போலத் திரும்பி வந்தது. அவள் தாராளமாக நுழைந்திருக்கலாம். ஆனால் தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு, அது முழுக்கச் சாத்திக்கொள்ளும்வரை சுவரோரமாக ஒதுங்கியே நின்றாள்.

"அந்தத் தாளை யாராவது கிழிக்கக் கூடாதா?" என்றது குளோசர், கதவுக்கு மட்டும் கேட்கும்படி.