ஒட்டுப்பால் புனிதாவின் மொட்டை

"தலைத்துண்டை மட்டும் எடுத்துடாதடி, உன் கால்ல விழுறேன்" என்று தாயம்மா மகளிடம் காலையிலிருந்தே கெஞ்சியிருந்தாள்.

டீயை நீட்டிய புனிதா, "வேர்க்குது லா" என்று துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா பஞ்சாலை, டம்ளரை வாங்க மறந்தாள். தலையில் அப்போதுதான் முளைவிட்டிருந்த முடி. மூக்கில் ஒரு வளையம், புருவத்தில் ஒன்று, காதில் எண்ணி மாளாது.

பஞ்சாலையின் மகன் சத்தியசீலன் குனிந்து சிரிப்பை விழுங்கினான். அவனும் புனிதாவும் வெகுநாள் காதலர்கள்தான். ஆனால் பஞ்சாலை தலையாட்டினால்தான் கல்யாணம்.

"நீ பாடுவியாமே, இவன் சொன்னான். என்னா பாட்டு?"

"பங்க் ராக், ஆன்ட்டி. எங்க பேண்டு பேரு ஒட்டுப்பால்."

"ரப்பர் தோட்டத்துல நாறிக்கிட்டு கிடக்குமே, அதுவா?"

"அதேதான். ஜகார்த்தா வரைக்கும் போய் நாறிட்டு வந்துட்டோம்."

தாயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளியில் தேவாரப் போட்டி என்றால் முதல் பரிசு வாங்கிய பெண். எந்த வேளையில் கிதாரைத் தூக்கினாளோ, அன்றே தேவாரம் போய்க் காட்டுக் கத்தல் வந்தது. போதாக்குறைக்கு, தாயம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று மழித்த தலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"பேண்டுக்கும்மா. ஸ்டைல்."

அன்றிலிருந்து தாயம்மா மகளிடம் ஓயாமல் சொன்னது ஒரே வாக்கியம்தான். "என் மானமே போச்சு."

"அது சரி, இது என்ன தலைக் கோலம்?" பஞ்சாலை கைப்பையோடு எழுந்தே விட்டாள்.

தாயம்மாவின் வாயிலிருந்து பொய் தானாகக் குதித்தது.

"வேண்டுதல், சம்மந்தி! என் இருதய ஆப்பரேஷன் நல்லபடியா முடியணும்னு மாரியாத்தாவுக்கு மொட்டை போட்டுச்சு."

"அதுக்குள்ள சம்மந்தியா?" என்ற பஞ்சாலை, மறுபடியும் உட்கார்ந்தாள். "எந்தக் கோயில்?"

"புக்கிட் பெலண்டோக்... தோட்டத்துக் கோயில்." பிறந்து வளர்ந்த இடம். அவசரத்துக்கு வேறு பெயர் வரவில்லை.

"நாங்க இருக்கிறது லுக்குட். போற வழிதானே! எல்லாரும் வாங்க, ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம்."

புனிதா பதறினாள். "வேணாம் ஆன்ட்டி! எனக்கு பிராக்டிஸ் இருக்கு. இந்நேரம் கோயில் சாத்தியிருக்கும். பூசாரிக்குக் கூட காய்ச்சல்னு சொன்னாங்க!"

அம்மாவின் பொய்யைக் காப்பாற்றப் பிள்ளை எப்படித் தவிக்கிறது! தாயம்மாவுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. ஆனால் பஞ்சாலை அதற்குள் காரில் ஏறியாயிற்று.

செம்பனைக் காட்டைத் தாண்டும்வரை தாயம்மா மனசுக்குள் ஆத்தாவிடம் பேரம் பேசினாள். 'பூசாரிக்கு நிஜமாவே காய்ச்சல் வரட்டும், தாயே.'

பூசாரி கணேசமூர்த்தி வாசலிலேயே நின்றார், கல்லுக்குண்டு மாதிரி.

"ஐயா, இந்தப் பொண்ணு இங்க மொட்டை போட்டுச்சா?" பஞ்சாலை சுற்றி வளைக்கவில்லை.

தாயம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மறக்க முடியுமா?" பூசாரி சிரித்தார். "மொட்டையைப் போட்டுக்கிட்டு, 'எங்கம்மா பொழைக்கணும்'னு ஆத்தா முன்னால ஒரு கத்து கத்துச்சு பாருங்க, எங்க திருவிழா ஸ்பீக்கரே தோத்துச்சு! கேட்டுட்டு ஆத்தாவால சும்மா இருக்க முடியுமா? யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற சத்தியம் வாங்கிச்சு. அடடா, சொல்லிட்டேனே..."

பஞ்சாலை புனிதாவின் தலையைத் தடவினாள். "வாங்க சம்மந்தி, உள்ள போவோம்" என்றாள்.

தாயம்மா கண்ணைத் திறந்தால், எதற்கும் அஞ்சாத மகள் முகம் சிவந்து பக்கத்தில் நிற்கிறாள்.

புனிதா அவள் காதோரம் குனிந்து கெஞ்சினாள்:

"அம்மா, வெளிய மூச்சு விட்டுடாத. ஒட்டுப்பால் புனிதா சாமிக்கு மொட்டை போட்டான்னு தெரிஞ்சா, என் மானமே போயிடும் லா!"