மீன் காட்டிய மூலை

பன்னிரண்டரைக்கு இன்வெர்ட்டர் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அதோடு தொட்டியில் குமிழியும் நின்றது.

கலைமணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். மீன் நடுத்தொட்டியில்தான் இருந்தது. நெற்றி புடைத்த சிவப்பு ஃபிளவர்ஹார்ன், கல்யாண வீட்டில் சரியாகக் கவனிக்கப்படாத பெரியப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று நேற்றே மெசேஜ் வந்திருந்தது.

அன்பரசு போன் செய்வது நாலு மணிக்கு.

அன்பரசு அவள் வீட்டுக்காரன். திருச்செங்கோட்டிலிருந்து சொந்த போர்வெல் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசம் போய், எட்டு மாதமாக ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். எந்த இடத்தில் துளை போடுவது என்று அவனுக்குச் சொல்வது இந்த மீன்தான். வீடியோ காலில் தொட்டியைக் காட்ட வேண்டும். மீன் எந்த மூலையில் போய் நிற்கிறதோ, அங்கே அந்த நிலத்திலும் அதே மூலையில் பாயிண்ட். ஜியாலஜி படித்தவன் சொன்னாலும் கேட்கமாட்டான்.

இதற்கு முந்தைய மீன் கலைமணி பொறுப்பில் இருந்தபோதுதான் செத்தது. அந்த மாதம் வரிசையாக மூன்று போரில் தண்ணீர் இல்லை. மூன்றுக்கும் அவள்தான் காரணம் என்று ஆகிப்போனது. மாமியார் தெருவெல்லாம் சொல்லி முடித்தாள். நாத்தனார் பொங்கலுக்குக்கூடப் பேசவில்லை.

இதுவும் போனால், வடக்கே எந்தக் காடு தோட்டம் காய்ந்தாலும் இவள் தலையில்தான் விடியும்.

தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள், டீக்கடைக்காரர் ஆற்றுவதுபோல. ஒரு மணிவரை வலது கை. இரண்டு மணிவரை இடது கை. சோறு ஆறிக் கிடந்தது.

இரண்டு மணிக்கு மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

ஆயிரம் அடிக்குக் கீழே காற்றடிக்கிற கம்ப்ரசர் வைத்திருப்பவன் வீடு. ஒரு சாண் மீனுக்கு அங்கே காற்று இல்லை.

முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இம்தியாஸுக்குப் போன் போட்டாள். அவன் கடையிலும் கரண்ட் இல்லை. ஆனால் காலையில் காற்றடித்து வைத்த லாரி டியூப் ஒன்று கிடந்தது. அதைத் தெருவில் உருட்டிக்கொண்டே வந்தான். வரும் வழியில் மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றும் வாங்கிக்கொண்டான்.

"நோயாளி எங்கீங்க்கா?"

"சிரிக்காத சாமி. இது போச்சுன்னா நான் பொறந்த ஊட்டுக்குப் பொட்டி கட்ட வேண்டியதுதான்."

"பத்து டன்னு லோடு தாங்கற காத்துங்க்கா. இதுக்குப் பத்தாதா?"

குழாயை டியூப் வால்வில் மாட்டி, ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டினான். குழாயின் குட்டிச் சக்கரத்தைத் திருகினான். ஆஸ்பத்திரியில் மருந்து இறங்குவதுபோலக் காற்று குமிழி குமிழியாக இறங்கியது.

குழாய் நீளம் போதவில்லை. தொட்டியின் தென்கிழக்கு மூலை வரைக்கும்தான் எட்டியது.

மீன் நேராக அங்கே போய்க் குமிழியில் வாயை வைத்தது. அப்புறம் அசையவே இல்லை.

நாலு மணிக்குப் போன் வந்தது.

"கலை, மீனக் காட்டு."

காட்டினாள். லாரி டியூப் தெரியாமல், குழாய் தெரியாமல், மீன் மட்டும் தெரிகிற மாதிரி.

"அக்கினி மூலையா? அங்க தண்ணியெடுத்தா குடும்பம் வெளங்காதும்பாங்களே. நல்லாப் பாரு, திரும்புதா?"

"திரும்பலீங்க. ஒன்றர மணி நேரமா அங்கயேதான் நிக்குதுங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"ஒன்றர மணி நேரமா?" அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "அப்ப அது என்னமோ பாத்துருக்குது. போட்ற வேண்டியதுதான்."

போனை வைக்கும் முன்பே ரிக் உறுமுவது கேட்டது.

வாசலில் ஹாரன் அடித்தது. தண்ணி லாரி. கலைமணி குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இந்த வீட்டுக்கும் மீன் ஒரு மூலை காட்டியிருந்தது. போன வருஷம் அன்பரசு தன் சொந்த ரிக்கைக் கொண்டுவந்து ஆயிரத்து முந்நூறு அடி இறக்கினான். கடைசிவரை கல்தூள் புகைதான் வந்தது, சொட்டுத் தண்ணி இல்லை. மீனுக்கு அடுத்தவன் காட்டுத் தண்ணிதான் தெரியும், தன்னூட்டுத் தண்ணி தெரியாது என்று அன்றைக்கே விளக்கமும் சொல்லிவிட்டான்.

அந்தக் குழியை மூடிப் போட்டிருக்கும் துவைகல்லின்மேல் நிறைந்த குடங்களை வரிசையாக இறக்கினாள்.

முதல் குடத்தை மீன் தொட்டிக்குத்தான் கொண்டுபோனாள்.