எலும்புச் சிமென்ட்

“பிசையும்போதே கல்லாகிவிடுகிறதே!” என்று ஒவ்வொரு ஆபரேஷனிலும் எரிந்து விழுவார் டாக்டர் ராஜசிங். சீமையிலிருந்து வந்த அந்த எலும்புச் சிமென்டுக்கு விருதுநகர் வெக்கை ஆகவில்லை.

“இன்னைக்கு அதுல கலக்குற மருந்துப் புட்டியை ஐஸ்ல வச்சிருக்கேன், ஐயா” என்றாள் நர்ஸ் பாக்கியவதி.

மேஜையில் கிடந்த ராக்காயி, “எங்க வீட்டுக்காரவுக இன்னும் வரலையா?” என்று கேட்டாள்.

“வருவாக. பேசாம படு” என்றாள் பாக்கியவதி.

சிமென்ட் வெண்ணெயாய் வளைந்து கொடுத்தது. உடைந்த இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது.

மயக்கம் தெளிந்ததும் ராக்காயி சிரித்தாள். “அவுக வந்துட்டாக, ஐயா. இடுப்பை விடாம பிடிச்சிருக்காக. கைதான் சில்லுன்னு இருக்கு.”

கட்டிலருகே யாருமில்லை. டாக்டருக்கு உறுத்தியது. அந்தச் சிமென்ட் இறுகும்போது சூடல்லவா ஏறும்?

வெளியே வந்து, “ஐஸ் ஏதும்மா?” என்றார்.

பாக்கியவதி குரலைத் தாழ்த்தினாள். “பிணவறைக்கு வந்த ஐஸ், ஐயா. இவ புருசன் நேத்து பட்டாசு வெடிச்சு இறந்துட்டாரு, இவகிட்ட இன்னும் சொல்லலை. ஐஸ் மேல புட்டி நிக்காம சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அவரு கைக்குள்ள வச்சிருந்தேன்.”