முரட்டு மாணவன்

“மிஸ், இவன் என் காலை மிதிக்கிறான் மிஸ்!” என்று அலறினான் மூன்றாவது பெஞ்சுக்காரன். மிதித்தவன் பதிலுக்கு அவன் பிடரியில் ஒன்று வைத்தான். பின்னாலிருந்து பறந்து வந்த சாக்பீஸ் புது டீச்சரின் காதை உரசிக்கொண்டு போய்க் கரும்பலகையில் தெறித்தது.

ஏழாம் வகுப்பு, பின்னங்கள் பாடம். அலறியவனுக்கு இரண்டு குழந்தைகள். மிதித்தவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

நிஜப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கூத்து இது. ஆசிரியர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே பிள்ளைகளாக நடித்து, பாடம் எடுப்பவரைப் படுத்தியெடுக்க வேண்டும். நடுவில் வேறு செக்‌ஷனிலிருந்து ஒரு ‘முரட்டு மாணவன்’ வருவான். யார், எந்த செக்‌ஷன், எப்போது என்பதெல்லாம் விரிவுரையாளர் அம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

போன வாரம் வந்தவன் நாற்காலியை உடைத்தான். அதற்கு முன்னால் வந்தவன் ஒருத்தியின் மூக்குக்கண்ணாடியை உடைத்தான்.

இன்றைக்குப் பாடம் எடுப்பவளுக்குக் கொசுக்குரல் என்று பெயர். முரட்டு மாணவனைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு தடவை அழுதுகொண்டே வெளியே ஓடியவள். இன்றும் ஓடினால் பட்டம் கிடையாது என்று விரிவுரையாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“பாதியும் பாதியும் சேந்தா என்ன?” என்று கேட்டு அவள் வாய் மூடவில்லை. ஓர் உதையில் கதவு சுவரில் மோதித் திறந்தது.

உள்ளே வந்தவன் முதல் பெஞ்சை எட்டி உதைத்துக் கவிழ்த்தான். அதில் இருந்த வகுப்புத் தலைவன் தரையில் விழுந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வந்தவன் அவன் வயிற்றின் மேலேயே கால் வைத்துத் தாண்டி, ஜன்னலோரம் இருந்தவளின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பவள். இன்றைக்கு அவளுக்கு முதல் ரேங்க் மாணவி வேஷம்.

அவள் தலை ஜன்னல் கம்பியில் ‘ணங்’ என்று மோதியது. மறுகணம் கழுத்தில் கத்தி.

“கிட்ட வந்தீங்க, அறுத்துருவேன்!”

கொசுக்குரல் விரிவுரையாளரைப் பார்த்தாள். அவர் கை பாதி தூக்கியபடி நின்றது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேலே நடத்து என்கிறாராக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

ஓடக் கூடாது. கத்தக் கூடாது. கையிலிருப்பதைப் பிடுங்கக் கூடாது. ராத்திரியெல்லாம் உருப்போட்டதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தாள்.

“தம்பி, இங்க பாரு. உனக்குக் கோபம். எனக்குப் புரியுது. எதுக்குன்னு சொல்லு.”

அவன் மேசையை எட்டி உதைத்தான். அதன் முனை அவள் தொடையில் இடித்துக் கண்ணில் பொறி பறந்தது. பாவி, இதற்கெல்லாமா மார்க்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க! இவ படிச்சுப் பெரிய ஆளாயிட்டா அப்புறம் நான் யாரு?”

கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது. மை வரைக்கும் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்!

“நீ யாருன்னு இவ படிப்பா முடிவு பண்ணும்?” கொசுக்குரல் மெதுவாகவே பேசினாள். ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்டது. “இங்க யாரும் சிரிக்கல. நல்லா பாரு. சிரிக்கிறாங்களா?”

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

“கை நடுங்குது உனக்கு. கத்தியை மேசை மேல வெச்சுட்டு உக்காரு. யாரும் உன்னை அடிக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

அப்படி அவனிடம் யாரும் பேசியதில்லை போலிருக்கிறது. முகம் கோணியது. உதடு பிதுங்கியது. பெரிய உடம்பு, சின்னப் பையனைப் போலக் குலுங்க ஆரம்பித்தது. கத்தி கீழே விழுந்தது.

அவள் குனிந்து அதை எடுத்தாள். பம்பரம் பிடுங்கி வைப்பவளைப் போல மேசை டிராயரில் போட்டுச் சாத்தினாள்.

அடுத்த நொடி நாலைந்து பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். ஒருவன் கையை முறுக்கினான். ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். எழுந்து வந்த வகுப்புத் தலைவன் அவன் முகத்திலேயே குத்தினான்.

“அடிக்காதீங்க! மாணவனை அடிக்கக் கூடாது!” என்று கத்திக்கொண்டு ஓடி நடுவில் புகுந்து, தோளில் இரண்டு அடி வாங்கி, அவர்களைத் தள்ளிவிட்டாள். கொசுக்குரலுக்கு இவ்வளவு தொண்டை இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

“மேடம், நான் பாஸா?”

விரிவுரையாளர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

கழுத்தைப் பொத்தியபடி தரையில் கிடந்தவளைக் கொசுக்குரல் கை கொடுத்துத் தூக்கினாள்.

“அசத்திட்டேடி! ஒரு நிமிஷம் நானே பயந்துட்டேன். சரி, யாரு இது? எந்த செக்‌ஷன்?”

அந்தப் பெண் அவள் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“செக்‌ஷன் இல்லக்கா... என் புருஷன்.”