சீட்டு வாங்காத நிறுத்தம்

அவள் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். அவள் நகரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். எல்லாரும் பெண்கள், எல்லாரும் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

மணி ஆறு நாற்பது. காலையில் இந்த ஊருக்குள் வருகிற ஒரே பஸ் இது.

முன்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாளை முதல் இந்த பஸ் ஊருக்குள் வராது, மெயின் ரோட்டோடு போய்விடும். மெயின் ரோடு இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்.

பெரியாஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஏழரைக்குள் வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். மூன்று நாள் பிந்தினால் நான்காம் நாள் வரவே வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கண்டக்டர் இறங்கி வந்தான். முகத்தில் எப்போதும் இருக்கிற அதே சலிப்பு.

"வழிய விடும்மா. என் கையில என்ன இருக்கு? இந்த ஊர்ல ஏற ஆளில்ல, எடுத்துட்டாங்க."

"ஆளில்லையா? அப்ப நாங்கள்லாம் யாரு?"

அவன் தோல்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். டெப்போவில் கொடுத்தது.

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். விரல் வைத்துப் படித்தாள். ஊர் ஊராகப் போட்டிருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் அவர்கள் ஊர். ஏறிய பெண்கள் என்ற கட்டத்தில், மாதா மாதம்.

பூஜ்யம்.

பூஜ்யம்.

பூஜ்யம்.

முதலில் புரியவில்லை. பிறகு அந்தச் சீட்டு விவகாரம் நினைவுக்கு வந்தது.

பொங்கல் கழிந்த வாரம் நடந்தது அது. பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, சீட்டு மட்டும் உண்டு. அன்றைக்கு அந்தச் சீட்டை இந்தக் கண்டக்டர் அவள் மடியில் விட்டெறிந்தான். "போறது ஓசியில, இதுல ஜன்னலோரம் வேற கேக்கு" என்றான். பஸ்ஸே சிரித்தது.

அவள் சீட்டைக் கசக்கி ஜன்னல் வழியாக வீசினாள்.

"ஒம்ம சீட்டு ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம். நீரே வச்சுக்கிடும்."

மற்றவர்களும் வீசினார்கள். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேரும் அவனிடம் கை நீட்டவில்லை. அவன் சீட்டு மெஷினோடு வருவான். இவர்கள் வெளியே பார்ப்பார்கள். அவன் போய்விடுவான். ஆறு மாதம். செக்கிங்காரர்கள் இந்தத் தடத்தில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லாத ஊர். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அந்தச் சீட்டை எண்ணித்தான் அரசாங்கம் டெப்போவுக்குப் பணம் தருகிறது. சீட்டு இல்லை என்றால் ஆளே ஏறவில்லை என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"என்னக்கா போட்டிருக்கு?" என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் பேச்சியம்மாள்.

"நாம யாருமே ஏறலையாம். சீட்டு வாங்கலைல்லா, அதான்." அந்த வரியைக் காட்டினாள். "நான்தான் தூக்கி எறிஞ்சேன்."

பேச்சியம்மாள் அந்தப் பூஜ்யங்களின் மேல் விரல் வைத்தாள்.

"அப்ப தெனமும் இதுல ஏறிப் போனது யாரு? பேயா?"

கையில் தாளோடு அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒமக்கு இது முன்னமே தெரியும்லா?"

"தெரியும்." அவன் குரலில் கூச்சமே இல்லை. "நான் சீட்டோடதான் வந்தேன். வாங்காதது நீங்க."

என்ன நெஞ்சழுத்தம்! அங்கேயே அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல் இருந்தது. தன் கன்னத்திலும்தான்.

தாளை மடித்து அவனிடம் கொடுத்தாள். கொடுத்த கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டாள்.

"குடும். எல்லாருக்கும் சீட்டு குடும்."

"இனிமே எங்க குடுக்க? மெஷின்ல ஒங்க ஊர் பேரையே எடுத்தாச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்திருக்க வேண்டாம்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். தூக்குச்சட்டியை ஓரமாக வைத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு முன்சக்கரத்துக்கு நேராகத் தார்ரோட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு விரல் வைக்க முடியாது. போனால் போகிறது.

பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும்.

"எங்களுக்கு வேலை வெட்டி இல்லையா?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு ஆள் கத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

கண்டக்டர் போனை எடுத்தான்.

"சார், இங்க பொம்பளைங்க பஸ்ஸ மறிச்சு உக்காந்துட்டாங்க சார்."

அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கே கேட்டது. எத்தனை பேர் என்று கேட்டது.

கண்டக்டர் திரும்பினான். விரலை நீட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு தலையாக எண்ணினான். ஒரு தலை விட்டுப்போன மாதிரி இருந்தது போல. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

"பதினொண்ணு சார்."

"பன்னெண்டுன்னு சொல்லும்" என்றாள் அவள். "செல்லக்கனிக்கு இன்னைக்குக் காய்ச்சல்."