மறதிக்கார மனிதர்

சுரபாயா மருத்துவமனையில் டாக்டரின் அறைக்குள் நுழையும்போதே ரெட்னோ தன் கணவர் சுகெங்கைப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"காலையில மூக்குக்கண்ணாடியைக் காணோம். இப்ப மோட்டார்சைக்கிளை எங்க நிறுத்தினோம்னு தெரியலையாம். நேத்து சமைக்க சோயா தெம்பே வாங்கப் போனவர் சோப்பு வாங்கிட்டு வந்து நிக்கிறார்! இவரைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே, டாக்டர்!"

சுகெங் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார்.

டாக்டர் இரண்டு மூளைப் படங்களைத் திரையில் காட்டினார். "இது போன வருஷம் எடுத்தது. ஞாபகத்துக்கான இந்தப் பகுதி மனச்சோர்வால கொஞ்சம் சுருங்கியிருந்துச்சு. இது இப்ப எடுத்தது. சிகிச்சையில நல்லாத் தேறியிருக்கு."

"அப்பாடா!" என்றார் சுகெங்.

"ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்திடக் கூடாது, ரெட்னோ. இந்தாங்க சீட்டு."

ரெட்னோ சீட்டை வாங்கிக்கொண்டாள். "இவரை அனுப்பினா மருந்துக்கடையையே மறந்துடுவார். நானே போறேன்."

அவள் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாமா?"

சுகெங் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டர். போன வருஷம் எட்டு மாசம் அவ யார்கிட்டயும் வாயே திறக்கல. ஒருநாள் நான் நிஜமாவே அடுப்பை அணைக்க மறந்துட்டேன். 'உங்களுக்குப் புத்தி இருக்கா?'ன்னு கத்தினா. சந்தோஷத்துல அழுதுட்டேன். அன்னையிலேர்ந்து தினம் ஏதாவது ஒண்ணை வேணும்னே மறக்கிறேன்."