போகாத மஞ்சள் கறை

மாரீஸ்வரி அரைத் தூக்கத்தில் கண் திறந்தாள். சிவப்புக் கார்ப்பெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை மினுங்கியது.

"ஏங்க, எந்திரிங்க! சாம்பார்க் கறை போவலயே!"

மாட்டுங்காவில் அவள் வேலை செய்யும் மாமி வீட்டுக் கார்ப்பெட் அது. கைதவறிச் சாம்பாரைக் கொட்டிவிட்டாள். கழுவித் தருகிறேன் என்று தாராவிக்குத் தூக்கி வந்திருந்தாள். இன்றைக்கு அங்கே வளைகாப்பு. கறையோடு போனால் வேலை போய்விடும்.

"நேத்தே போயிட்டுல்லாட்டி! கனாக் கண்டியா?" என்று கண்ணைக் கசக்கினான் புருஷன் பூதத்தான்.

"நீங்களே பாருங்க."

பார்த்தான். பிரஷ்ஷை எடுத்தான். இருவரும் மாறி மாறித் தேய்த்தார்கள். கறை போகவில்லை; பூனை மாதிரி மெல்ல நகர்ந்து பெரிதானது.

"பரவுதுங்க!" மாரீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. மாமிகிட்ட நான் வந்து பேசுதேன்" என்று அவன் கறையின் மேல் கையை வைத்தான். மஞ்சள் அவன் கைமேல் ஏறிக்கொண்டது. கையை இழுத்தான்; மஞ்சள் கையோடு வராமல் கார்ப்பெட்டிலேயே இருந்தது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஜன்னலை மறைத்து நின்ற கோடவுன் சுவரை நேற்றுச் சாயங்காலம்தான் இடித்திருந்தார்கள். அவர்கள் குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த அறைக்குள் வெயில் வந்திருந்தது.

பூதத்தான் சிரித்துக்கொண்டே கார்ப்பெட்டைச் சுருட்டப் போனான்.

"பொறுங்க" என்று மாரீஸ்வரி அந்த மஞ்சளில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். "மாமி கேட்டா, இன்னும் காயலன்னு சொல்லிக்கிடலாம்."